‘ஏதோ பாப்பனுங்க’ என்பதைத் தன்விவரக் குறிப்பில் எழுதுவது எப்படி

கல்லூரிகளில் வேலைவாய்ப்பு வழிகாட்டும் பொறுப்பைப் புதிதாக ஏற்றிருக்கும் நண்பர்களே, உங்களுக்குக் கணினி தெரியும். நேர்காணலின் நெளிவுசுளிவு தெரியும். ஒரு நிறுவனம் எதை எதிர்பார்க்கிறது என்பதைப் பயிற்சி வகுப்பில் படித்த பிறகே அந்த நாற்காலியில் அமர்ந்திருக்கிறீர்கள். நான் அப்படி வந்தவள் அல்லள். இராசிபுரம் பக்கத்துப் பாலிடெக்னிக் ஒன்றில் தமிழாசிரியையாகச் சேர்ந்தேன். தமிழுக்கு வாரத்தில் நான்கே வகுப்புகள். மீதி நேரத்தில் நான் பதிகம் முணுமுணுத்துக்கொண்டிருப்பதை ஓராண்டு பொறுத்துப் பார்த்த முதல்வர், "நன்றாக எழுதுகிறவர் நீங்கள்தானே" என்று சொல்லி வேலைவாய்ப்பு மையத்தின் சாவியை என்னிடம் கொடுத்தார். மையம் என்பது ஒரு மேசை, ஒரு கணினி, பூட்டே இல்லாத ஓர் அலமாரி. அந்தச் சாவி எதற்குரியது என்பது நான் ஓய்வு பெற்ற நாள் வரை எனக்குத் தெரியவில்லை.

நன்றாக எழுதுகிறவர் என்ற பெயரே எனக்கு முதல் வினையாக வந்து சேர்ந்தது. விடியுமுன் நீராடிப் பாசுரமும் பதிகமும் ஓதும் வீட்டில் வளர்ந்தவள் நான். அந்த மரபில் கேட்பவர் தம்மைத் தாழ்த்திக்கொண்டுதான் கேட்பார். நான் ஏதும் அறியேன், என்னிடம் ஒரு தகுதியும் இல்லை, உன் கருணையால் மட்டும் ஏற்றுக்கொள் என்பதே அடியவர் விண்ணப்பம். எனக்கு ஆறு ஆண்டு அனுபவம் உண்டு என்று எந்த அடியவரும் இறைவனிடம் சொன்னதாக நான் கேட்டதில்லை. ஆகவே நான் எழுதிக்கொடுத்த முதல் விண்ணப்பம், "குற்றங்குறைகளைப் பொறுத்து ஏற்றருள வேண்டுகிறேன்" என்று பணிவோடு முடிந்தது. மூன்றாம் நாள் சங்ககிரியில் ஒரு லாரிப் பட்டறையிலிருந்து மேலாளர் தொலைபேசியில் அழைத்தார்.

"ஏனுங்க டீச்சர், ஆளு நல்ல ஆளாத்தான் தெரியுதுங்க. குற்றம்னு கீழ போட்டிருக்கீங்களே, கேசு ஏதாச்சும் நடக்குதுங்களா?"

இல்லை என்றேன். அவர் நம்பவில்லை.

நீங்கள் கேட்கலாம், ஆங்கிலத்தில் எழுதியிருக்கலாமே என்று. பெரிய நிறுவனங்களுக்கு ஆங்கிலத்தில்தான் எழுதினேன். எங்கள் பக்கத்துப் பட்டறை முதலாளிகளின் வழக்கம் வேறு. ஆங்கிலக் குறிப்பு வந்தால் அதன்மேல் டீ கிளாஸை வைப்பார்கள். தமிழ்க் குறிப்பு வந்தால் படித்துவிட்டு வைப்பார்கள். இந்த வேறுபாட்டை அறிய எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின.

பிறகு சில காலம், எழுதுவதையே விட்டுவிட்டுக் கல்லூரி வாசலிலிருந்த ஜெராக்ஸ் கடையின் படிவத்தைச் சரணடைந்தேன். பெயரை மாற்றினால் போதும், மற்றதெல்லாம் தயாராக இருக்கும் என்று கடைக்காரர் சொன்னார். அவர் சொன்னபடி பெயரை மட்டுமே மாற்றினார்கள். அந்த வாரம் எங்கள் மாணவர் பதினொருவரும் ஒரே தந்தைக்குப் பிறந்தார்கள். குமாரபாளையத்து நூற்பாலை அதிகாரி அழைத்து, "ஒரு குடும்பத்துக்கே வேலை கேக்கறீங்களே டீச்சர், மத்தவங்களுக்கும் கொஞ்சம் வுடுங்க" என்றார். அன்றிலிருந்து எந்தக் குறிப்பையும் தந்தை பெயரிலிருந்துதான் படிக்கத் தொடங்குவேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். புகழ்மொழியில் உள்ள பிழையை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். தந்தை பெயரில் உள்ள பிழையை மறக்க மாட்டார்கள்.

இவையெல்லாம் சிறு சறுக்கல்கள். எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்தது நாச்சிமுத்து என்பவருடைய ஒரு பக்கக் குறிப்பு. அதை ஒரே வாரத்தில் மூன்று முறை எழுதினேன்.

அவர் எங்கள் கல்லூரியில் இருபது ஆண்டுகளுக்கு முன் இயந்திரவியல் படித்தவர். திருச்செங்கோட்டுக்கு அருகில் ஒரு சிற்றூர். படித்து முடித்த சில ஆண்டுகளில் ரிக் வண்டியில் ஏறினார். ஆழ்துளைக் கிணறு தோண்டும் அந்த வண்டிகள் எங்கள் பகுதியிலிருந்து வடமாநிலங்களுக்குப் புறப்பட்டால், மழைக்காலத்தில்தான் ஊர் திரும்பும். பதினாறு ஆண்டுகள் அவர் அப்படியே போய் வந்தார். ஒரு திங்கட்கிழமை காலை என் மேசைக்கு முன்னே வந்து நின்றவர் அவர் மனைவி தங்கமணி. நாச்சிமுத்து அவருக்குப் பின்னால் நின்றார். செங்கோட்டு மலைமேல் இறைவன் உமையைத் தன் உடலில் பாதியாகக் கொண்டு நிற்கிறான் அல்லவா, அந்தக் காட்சியே எனக்கு நினைவுக்கு வந்தது. இருவரும் ஓருடலாகத்தான் தெரிந்தார்கள். பேச்செல்லாம் இடப்பாகத்திலிருந்தே வந்தது.

தங்கமணி சொன்னது இதுதான். வண்டி சனிக்கிழமை புறப்படுகிறது. வருகிறாரா இல்லையா என்று வண்டி ஓனருக்கு வெள்ளிக்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும். இதற்கிடையில் திருச்செங்கோட்டுச் சாலையில் கம்பிரஸர் பழுது பார்க்கும் பட்டறை ஒன்று பொறுப்பாளர் ஒருவரைத் தேடுகிறது. அந்த வேலை கிடைத்தால் இவர் மாலைதோறும் வீட்டுக்கு வரலாம். கிடைக்காவிட்டால் சனிக்கிழமை வண்டி ஏற வேண்டியதுதான்.

"இந்தத் தடவை போனா ஒம்பது மாசமுங்க டீச்சர். ஒவ்வொரு தடவையும் இவரு வந்து எறங்குனா எங்கூட்டு நாயி நாலு நாளைக்கு இவரப் பாத்துக் குலைக்குது. அது பழகறதுக்குள்ள மறுபடி போயிர்றாரு" என்றார். நாச்சிமுத்து, நாய் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்பது போலத் தலையை அசைத்தார்.

நான் தாளை எடுத்துக்கொண்டு முறைப்படி கேட்டேன். கம்பிரஸர் பழுது பார்க்கத் தெரியுமா?

"ஏதோ பாப்பனுங்க."

எஞ்சின்?

"அதும் ஏதோ பாப்பனுங்க."

ஹைட்ராலிக்? இதற்கு அவர் சற்று நேரம் யோசித்தார். "அது ஏதோ கொஞ்சம் பாப்பனுங்க" என்றார்.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நான் கெங்கவல்லிக்காரி. சேலம் மாவட்டத்தின் கிழக்கு ஓரம். எங்கள் பக்கம் தெரிந்தால் தெரியும் என்போம். தெரியாவிட்டால் தெரியாது என்போம். துணிந்தவர்கள் தெரியாவிட்டாலும் தெரியும் என்பார்கள். கொங்குப் பேச்சில் இத்தனை ஆண்டுகள் பழகியும் அதன் இலக்கணத்தை நான் உள்வாங்கியிருக்கவில்லை. மேலும், பொய் எழுதலாகாது என்பது எனக்கு நாள்தோறும் ஓதும் உறுதி. எனவே அவர் வாய்மொழியை ஒரு மாத்திரையும் கூட்டாமல் குறைக்காமல் எழுதினேன். கம்பிரஸர்: ஓரளவு தெரியும். எஞ்சின்: ஓரளவு தெரியும். ஹைட்ராலிக்: மிகச் சிறிதளவு தெரியும். உண்மையை எழுதிய நிறைவோடு செவ்வாய்க்கிழமை அதைப் பட்டறை முதலாளியின் கைபேசிக்கு அனுப்பிவைத்தேன்.

புதன்கிழமை காலை அவர் அழைத்தார். நல்ல மனிதர்; மறுப்பதையும் மரியாதையாகவே மறுத்தார்.

"டீச்சரம்மா, ஓரளவு தெரிஞ்சவங்க எங்கிட்ட ஆறு பேரு இருக்கறாங்க. அவங்கனாலதான் இந்த ஏழாவது ஆளையே தேடறனுங்க."

செய்தி கேட்டு மதியம் இருவரும் வந்தார்கள். தங்கமணி குறிப்பைக் கையில் வாங்கிப் படித்தார். ‘மிகச் சிறிதளவு’ என்ற இடத்தில் விரலை வைத்தவர் எடுக்கவில்லை.

"ஏனுங்க டீச்சர், இவரு சொன்னத அப்படியேவா எழுதுனீங்க?"

அப்படியேதான் எழுதினேன் என்று சற்றுப் பெருமையோடு சொன்னேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். எங்கள் ஊரில் அரைகுறையாகத் தெரிந்தவர்தான் தெரியும் என்று சொல்வார் என விளக்கினார். ஏதோ பார்ப்பேன் என்றால் நன்றாகத் தெரியும் என்று பொருள். ஏதோ கொஞ்சம் பார்ப்பேன் என்றால் அவரை விட்டால் அந்த வேலைக்கு ஆள் இல்லை என்று பொருள். ஹைட்ராலிக் கோளாறு என்றால் மற்ற வண்டிக்காரர்கள்கூட இவருக்குத்தான் போன் செய்து கேட்பார்களாம்.

அப்படியானால் உண்மையிலேயே தெரியாததற்கு என்ன சொல்வார் என்று கேட்டேன்.

"அதுக்குப் ‘பாத்துக்கலாமுங்க’ம்பாரு."

இருபதாண்டுக் காலம் எத்தனை பேரை நான் சிறிதளவு தெரிந்தவர்களாக எழுதி அனுப்பியிருப்பேன் என்ற எண்ணம் வந்து என்னைக் கலக்கியது. அவர்களுள் பாத்துக்கலாமுங்க என்றவர்களை மன உறுதி மிக்கவர்கள் என்று வேறு எழுதியிருக்கிறேன்.

பிழையைத் திருத்தும் வேகத்தில் மனிதர்கள் அடுத்த பிழைக்குள் விழுவார்கள். நான் விழுந்தது மிக உயரமான இடத்திலிருந்து. தாழ்த்தி எழுதியதுதானே தவறு, இனி உயர்த்தி எழுதுவோம் என்று புதன்கிழமை மாலை அமர்ந்தேன். அடியவர் தம்மைத் தாழ்த்தும் மொழி எனக்கு எவ்வளவு வருமோ, இறைவனைப் போற்றும் மொழி அதைவிடக் கூடுதலாகவே வரும். பாறையின் உள்ளம் அறிந்தவர் என்று தொடங்கினேன். இரும்பின் இருமல் கேட்டே அதன் நோய் உரைப்பவர், வறண்ட வடதிசையில் நீரூற்றுத் திறந்தவர் என்று வளர்ந்தது. பத்துப் பத்திகள். ஒவ்வொரு பத்தியும் ‘நாச்சிமுத்து அவர்களே’ என்று முடிந்தது. எதுகை சில இடங்களில் தானாகவே அமைந்தது. அதை இறையருள் என்றே எண்ணினேன்.

வியாழக்கிழமை காலை தங்கமணி அதை உரக்கப் படித்தார். நான்காம் பத்தி வரை தாக்குப்பிடித்தார். அதற்குமேல் குரல் வரவில்லை; முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார். நாச்சிமுத்து தாளை வாங்கி மீதியைத் தாமே படித்தார். முழுவதும் படித்தார். பிறகு மடிக்காமல் மேசைமேல் வைத்தார்.

"டீச்சர், இதுல நான் கையெழுத்துப் போட மாட்டனுங்க."

ஏன் என்று கேட்டேன்.

"இது நானில்லீங்க. இவரு வேற யாரோ பெரிய ஆளுங்க. இவரு கெடைச்சா எங்க வண்டிக்கே கூட்டீட்டுப் போயிரலாமுங்க."

"சூடம் இருந்தாக் குடுங்க டீச்சர், காட்டீட்டுக் கெளம்பறோம்" என்றார் தங்கமணி, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

எனக்கு வருத்தம்தான். ஆனாலும் அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. இறைவனைப் பாறையின் உள்ளம் அறிந்தவன் என்று பாடலாம். மறுநாள் காலை எட்டரை மணிக்கு வந்து ஒரு கம்பிரஸரைத் திறந்து காட்டு என்று அவனை யாரும் கேட்கப்போவதில்லை. மனிதரைக் கேட்பார்கள். அந்தத் தாளோடு பட்டறைக்குப் போயிருந்தால் நாச்சிமுத்து முதல் நாளே தலைகுனிந்து திரும்பியிருப்பார்.

தாழ்த்தியும் எழுதியாயிற்று, உயர்த்தியும் எழுதியாயிற்று. கையில் இருப்பது ஒன்றரை நாள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. என் மையத்துக்கு அவ்வப்போது வந்துபோன ஒருவர் இருந்தார். குமாரபாளையம் பக்கத்து ஆலையொன்றில் நாற்பது ஆண்டுகள் விண்ணப்பங்களை மட்டுமே படித்து ஓய்வு பெற்றவர். அவரை அழைத்து நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தாம் படித்த விண்ணப்பங்களில் பாதியை இப்படித்தான் எழுதியிருந்தார்கள் என்றும், மீதியை ஜெராக்ஸ் கடைக்காரர் எழுதியிருந்தார் என்றும் சொன்னார். பிறகு அவர் சொன்ன ஒரு வாக்கியத்தை நீங்கள் உங்கள் மேசைக் கண்ணாடிக்கு அடியில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

"என்ன தெரியும்னு கேக்காதீங்க டீச்சர், நம்ம ஆளுக அதுக்குப் பதில் சொல்ல மாட்டாங்க. மிசின் நின்ன நாளக் கேளுங்க."

அவ்வளவுதான். வாசலில் கேஸ் சிலிண்டர் வந்துவிட்டது என்று போனை வைத்துவிட்டார்.

நான் திரும்பி நாச்சிமுத்துவிடம் கேட்டேன்: கடைசியாக வண்டி எங்கே நின்றது?

மூன்று நாளாக நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்த மனிதர் முதன்முறையாகச் சாய்ந்து உட்கார்ந்தார். அதன்பின் மதிய மணி அடிக்கும் வரை அவர் பேச்சை நிறுத்தவில்லை. தங்கமணியே வாயடைத்துப்போனார்.

கோடையின் உச்சத்தில், பக்கத்து நகரம் இரண்டு நாள் தொலைவில் இருக்கும் ஒரு பொட்டல்காடு. கிணறு பாதி ஆழத்தில் இருக்கிறது. ஊரே குடத்தோடு வந்து சுற்றி நிற்கிறது. கம்பிரஸர் அரைமணிக்கு ஒருமுறை சூடாகி நின்றுவிடுகிறது. எஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஊரிலிருந்து ஓனரும் போனில் அதையே சொல்கிறார். பிரித்தால் ஒரு வாரம் போய்விடும்.

"அப்பறம் கம்பிரஸருக்குச் சூடு ஆத்தற கூலரக் கழட்டிப் பாத்தமுங்க. கல்லுமாவும் ஆயிலுஞ் சேந்து களி மாதிரி அப்பியிருந்துச்சுங்க. கழுவி மாட்டுனமுங்க. சாயங்காலம் தண்ணி வந்துருச்சுங்க."

நான் எழுதுகோலை நிறுத்தினேன். இருபது ஆண்டுகளுக்கு மேல் வினைமுற்று நடத்தியவள் நான். பார்த்தோம், மாட்டினோம். தன்மைப் பன்மை.

யார் யார் சேர்ந்து பார்த்தீர்கள் என்று கேட்டேன்.

"எல்லாருந்தானுங்க."

எல்லாரும் என்றால்?

"டிரைவரு சோறாக்கீட்டு இருந்தாருங்க. ரெண்டு பேரு வண்டி நெழல்ல படுத்திருந்தாங்க. ஓனரு போன்ல இருந்தாருங்க."

கூலரைக் கழற்றியது?

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "நானுங்க" என்றார், எதையோ திருடியதை ஒப்புக்கொள்பவர் போல.

"பதினாறு வருசத்துல இன்னைக்குத்தான் இவரு வாயில ‘நான்’னு கேக்கறன்" என்றார் தங்கமணி.

நண்பர்களே, இந்த இடத்தில் நான் வெகுநேரம் தயங்கினேன். ‘நான்’ என்பதை விட்டொழிப்பதுதான் நான் ஓதி வளர்ந்த நெறி முழுவதும். அந்தச் சொல்லை ஒருவர் வாயிலிருந்து வரவழைத்துத் தாளில் ஏற்றுவது எனக்குப் பாவமாகவே பட்டது. கடைசியில் நான் கண்ட தெளிவு இது. இறைவன் முன் ‘நான்’ என்பது செருக்கு. அவனுக்கு எல்லாம் தெரியும், நாம் சொல்லத் தேவையில்லை. பட்டறை முதலாளிக்கு எதுவும் தெரியாது. அவரிடம், ஒருவர் செய்ததை நாங்கள் செய்தோம் என்று சொன்னால் அது பணிவு அன்று; தகவல் பிழை. சோறாக்கிக்கொண்டிருந்தவரையும் படுத்திருந்தவரையும் சேர்த்து அவர் வேலைக்கு எடுக்கப்போவதில்லை.

ஆனால் இதற்கும் ஓர் எல்லை உண்டு. அதையும் நாச்சிமுத்துதான் காட்டினார். துளைக்குள் குழாய் சிக்கிக்கொண்ட ஒரு நாளைப் பற்றி அடுத்துச் சொன்னார். ஒருமையின் ருசி கண்டுவிட்ட நான் அதையும் அவர் செய்ததாகவே எழுதப் போனேன். அவர் என் கையைத் தடுத்துவிட்டார். அந்த யோசனை டிரைவருடையது, செய்தது மட்டும்தான் தாம் என்றார். டிரைவரா வந்து கேட்கப்போகிறார் என்றேன். நானா அப்படிச் சொன்னேன் என்று இன்றும் வெட்கமாக இருக்கிறது. "அவரு கேக்க மாட்டாருங்க, எனக்குத்தான் ஒரு மாதிரி இருக்கும்" என்றார். ‘ஓட்டுநர் கூறிய யோசனைப்படி’ என்று எழுதிய பிறகே கையை எடுத்தார்.

மூன்றாம் குறிப்பு ஒரே பக்கம். தலைப்பில் பெயர், கைபேசி எண், சரிபார்த்த தந்தை பெயர். முதல் வரி: ‘பதினாறு ஆண்டுகள் ரிக் வண்டியில் பணி, மெக்கானிக் வந்து சேர இரண்டு நாள் ஆகும் இடங்களில்.’ அதன்கீழ் எந்திரம் நின்ற நான்கு நாட்கள். என்ன நின்றது, மற்றவர்கள் என்ன நினைத்தார்கள், இவர் என்ன செய்தார், எப்போது மீண்டும் ஓடியது. அடைமொழி ஒன்றுகூட இல்லை. எழுதி முடித்தபோது, நகையெல்லாம் கழற்றிய திருமேனியைப் பார்ப்பது போல எனக்கு மனம் கூசியது. நாச்சிமுத்து படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ஒருமுறை மறுத்த பெயரில் மீண்டும் ஒரு குறிப்பு கைபேசிக்கு வந்தால் எந்த முதலாளியும் திறக்க மாட்டார். ஆகவே வெள்ளிக்கிழமை காலை முதல் பேருந்தைப் பிடித்து நானே தாளோடு பட்டறைக்குப் போனேன். அவர் என்னை வரவேற்று அமரவைத்து டீ சொன்னார். தாளின் மேலிருந்த பெயரைப் பார்த்ததும் முகம் மாறியது.

"இவரத்தான் பாத்துட்டமுங்களே டீச்சரம்மா."

அப்போது என்னிடம் இரண்டு வழிகள் இருந்தன. ‘ஏதோ’ என்ற சொல்லின் பொருளை விளக்கி என் பிழையை ஒப்புக்கொள்ளலாம். அல்லது வாயை மூடிக்கொண்டிருக்கலாம். விளக்கத் தொடங்கினால் பேச்சு என்னைப் பற்றியதாகிவிடும். தாள் மேசையிலேயே கிடக்கும். எனவே, நான் டீ குடித்து முடிக்கும் வரை மட்டும் இதைப் படியுங்கள், பிறகு போய்விடுகிறேன் என்றேன். எனக்கு டீ பிடிக்காது. அன்று ஒரு கிளாஸ் டீயை இருபது நிமிடம் குடித்தேன்.

அவர் ஒரு கையில் தம்முடைய கிளாஸோடு, மரியாதைக்காகப் படிக்கத் தொடங்கினார். முதல் வரியைத் தாண்டினார். கூலரைக் கழற்றிய இடத்துக்கு வந்தபோது, தாளின் மேல் வைப்பதற்காக இறங்கிக்கொண்டிருந்த கிளாஸ் அந்தரத்தில் நின்றது. பட்டறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"ஏப்பா, அந்த மூணாம் நெம்பர் மிசினுல கூலர யாராச்சும் கழட்டிப் பாத்தீங்களா?"

ஓரளவு தெரிந்த ஆறு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அவர் மீண்டும் படித்தார். குழாய் சிக்கிய நாளுக்கு வந்ததும், யோசனை டிரைவருடையது என்று இவரே சொன்னாரா எனக் கேட்டார். ஆம் என்றேன். தலையை ஆட்டியபடி, அப்படியென்றால் மற்ற மூன்றும் இவருடையதாகத்தான் இருக்கும் என்று சொல்லி, ஆளை உடனே வரச் சொன்னார்.

பதினொரு மணிக்கெல்லாம் நாச்சிமுத்து வந்துவிட்டார். உள்ளே நின்றுகிடந்த மூன்றாம் நம்பர் எந்திரத்தைக் காட்டி, சரிபண்ண முடியுமா என்று முதலாளி கேட்டார். ஏதோ பார்ப்பதாகத்தான் நாச்சிமுத்து சொன்னார். முதலாளியோ முகம் மலர்ந்து ஸ்பானர் பெட்டியை அவர் பக்கம் தள்ளினார். வாயில் வரும்போது தகுதியாக இருக்கும் சொல் தாளில் ஏறினால் தகுதிக்குறைவாகிவிடுகிறது என்பதை அங்கே நின்றுதான் கற்றேன். ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: மூன்றாம் நம்பர் எந்திரத்தின் கூலரில் ஒரு கோளாறும் இல்லை. கோளாறு வேறெங்கோ இருந்தது. மதியச் சாப்பாட்டுக்கு முன் அதை அவர் கண்டுபிடித்தார். திங்கட்கிழமையிலிருந்து வரச் சொன்னார்கள்.

மறுநாள் சனிக்கிழமை. வண்டி புறப்பட வேண்டிய நாள். நான் மையத்தைத் திறந்து உட்கார்ந்த சற்று நேரத்தில் வெள்ளை வேட்டியில் ஒருவர் வந்தார். ரிக் வண்டியின் ஓனர் என்று சொல்லிக்கொண்டார். கோபத்தில் இருந்தார்; ஆனால் ‘ங்க’ விடாமல் கோபப்பட்டார். அப்படி என்ன எழுதிக்கொடுத்து ஆளைக் கிளப்பினீர்கள் என்று கேட்டார். செய்ததை எழுதினேன் என்றேன். சரி, அதே கையால் எனக்கு ஓர் ஆள் தேவை விளம்பரம் எழுதித் தாருங்கள், இவருடைய இடத்துக்கு உடனே ஆள் வேண்டும் என்றார்.

நான் புதுத்தாள் எடுத்தேன். நாச்சிமுத்து வண்டியில் என்னென்ன வேலை செய்வார் என்று கேட்டேன்.

துளை போடுவது என்றார். எழுதினேன். கம்பிரஸர் பார்ப்பது, எஞ்சின் பார்ப்பது. எழுதினேன். ஹைட்ராலிக். சத்தத்தை வைத்தே கீழே கல் மாறுவதைச் சொல்வது. அந்த ஊர்ப் பெரியவர்களிடம் இந்தியில் பேசிச் சமாளிப்பது. டிரைவருக்குக் காய்ச்சல் வந்தால் வண்டி ஓட்டுவது. ஆட்களுக்குள் சண்டை வந்தால் தீர்த்துவைப்பது. ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் போட்டு எழுதிக்கொண்டே வந்தேன். ஐந்தாவது எண்ணில் அவர் குரல் தணியத் தொடங்கியது. எட்டாவதில் நின்றுவிட்டது.

எத்தனை ஆட்கள் தேவை என்று போட வேண்டும் எனக் கேட்டேன். அவர் தாளைத் தம் பக்கம் திருப்பி, ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து, மேலிருந்து கீழாக ஒருமுறை படித்தார். வாசலில் அவருடைய கார் டிரைவர் ஹாரன் அடித்தார். கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

"இத எனக்கு மொதல்லயே யாராச்சும் எழுதிக் குடுத்திருக்கோணுமுங்க டீச்சர்" என்றார். பிறகு தாளை மெதுவாக என் பக்கம் தள்ளினார்.

"மூணு ஆளுன்னு போடுங்க."